இரண்டு மாசி

புது வருடப் பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் சூசைரட்ணம் செருப்பைக் கழற்றுவார். சட்டையைக் கழற்ற மாட்டார். முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, அந்தோனியார் படத்துக்குப் பின்னால் கையை விட்டு, நாலாய் மடித்த ஒரு காகிதத் துண்டை எடுப்பார். போன வருடம் இதே நாளில் அவரே எழுதிச் செருகி வைத்தது. வரப்போகிற வருடத்தில் என்னென்ன எழுதி முடிப்பது என்று புனிதருக்கு முன்னால் அவர் வைத்துக்கொண்ட பொருத்தனை. அதைப் படித்துப் பார்த்து, மெழுகுவர்த்தியில் கொளுத்திவிட்டு, புதிய துண்டு எழுதிச் செருகுவது அவர் வழக்கம்.

கொட்டகலைக்கு மேலே மூங்கில்மலைத் தோட்டத்தில் மற்றவர்கள் அந்தோனியாரிடம் காணாமற்போன கோழியைக் கேட்டார்கள், மாட்டைக் கேட்டார்கள். சூசைரட்ணம் கதை கேட்டார்.

1952ஆம் ஆண்டுத் துண்டில் "பன்னிரண்டு கதை, ஒரு நாடகம், ஒரு நாவல்" என்று இருந்தது. எழுதி முடிந்தவை இரண்டு கதைகள். அடுத்த வருடம் நாவலும் நாடகமும் போய் பன்னிரண்டு கதை மட்டும் நின்றது. அதிலும் ஒன்றுதான் முடிந்தது. 1954இல் பாரத்தைக் குறைத்து, "ஆறு கதை. ஒன்றாவது அச்சில்" என்று எழுதினார். ஆறையும் எழுதிவிட்டார். ஆறும் கொழும்பில் ஒரு வாரப் பத்திரிகைக்குப் போய், போன வேகத்தில் திரும்பி வந்தன.

"வருசா வருசம் அந்தோனியாருக்கு வேலை குடுக்கிறீங்க. ஒரு நாளைக்கு அவரும் பேர் பதியச் சொல்லிக் காலைப் பெரட்டுல ஆளோட ஆளா வந்து நிக்கப் போறாரு" என்றாள் மனைவி றோசலின்.

தொழிற்சாலையில் சூசைரட்ணத்துக்குத் தேயிலைப் பெட்டிக்கு மார்க்கு போடுகிற வேலை. எழுத்து வெட்டிய தகட்டைப் பெட்டியின்மேல் வைத்து, கறுப்பு மையில் தூரிகையைத் தோய்த்து ஒரு இழுப்பு இழுத்தால் தோட்டத்தின் பெயர் விழும், தகட்டை மாற்றினால் தேயிலையின் தரம் விழும், இன்னொன்றில் எடை. அவர் கையால் விழுந்த எழுத்து கப்பலேறி லண்டன் வரைக்கும் போனது. பன்னிரண்டு வருடமாக அச்செழுத்துப் போல எழுதிக்கொண்டே இருக்கிற மனிதர். தன் பெயரில் ஒரு வரி அச்சில் பார்த்ததில்லை.

ஆறாவது கதை திரும்பி வந்தபோது ஆசிரியர் ஓரத்தில் இரண்டு வரி கிறுக்கியிருந்தார். "நடை நன்று. ஆனால் இந்த மனிதர்களை நீங்கள் பார்த்ததாகத் தெரியவில்லை." உண்மைதான். சூசைரட்ணத்தின் கதைகளில் ஜமீன்தார்கள் வந்தார்கள், வீணை வாசிக்கும் பெண்கள் வந்தார்கள், கடற்கரையில் நிலா காய்ந்தது. கடலை அவர் தன் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறார், அதுவும் ரயில் ஜன்னல் வழியாக. அந்த இரண்டு வரியை மனதில் போட்டு உருட்டிக்கொண்டே இருந்தவர், 1955 சனவரி முதல் தேதி காலையில் எழுதிய துண்டு இதுதான்:

"ஒரே கதை. பார்த்த ஆள். பொய் ஒரு வரிகூட இருக்கக் கூடாது. அச்சில்."

பார்த்த ஆள் பக்கத்து வீட்டிலேயே இருந்தார்.

பழனியாண்டி தோட்டத்தில் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிற ஆள். மாசி மாதம் வந்துவிட்டால் அவர் வேறு ஆள். காமன் கூத்தில் ரதி வேடம் அவருக்குத்தான். காமனுக்குக் கம்பம் ஊன்றிய நாளிலிருந்து மீசையை எடுத்து, விரதம் இருந்து, சேலை கட்டி, சிவனுடைய நெற்றிக் கண்ணில் காமன் எரிந்த பிறகு அவனுக்காக ரதி அழுகிற அழுகையை அவர் அழுதால் பக்கத்துத் தோட்டத்துப் பெண்களும் வந்து சேர்ந்து அழுவார்கள். நாற்பது வயது தாண்டிய ரதி.

"எனக்கு ஒரு சேலை எடுக்கணும்னா இவருக்கு நோக்காடு வந்துரும். ரதிக்கு மட்டும் வருசா வருசம் கண்டாங்கி புதுசா வந்துரும். நான் பொண்டாட்டியா, அவ பொண்டாட்டியான்னே தெரியல" என்று பழனியாண்டியின் மனைவி ராக்காயி லயத்து வரிசை வீடுகள் முழுக்கக் கேட்கும்படி சொல்வாள்.

அந்த வருடக் கூத்து முடிந்த மறுநாள் காலையில், பீலியில் கொட்டுகிற தண்ணீரில் முகத்துச் சாயத்தைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்த பழனியாண்டியிடம் சூசைரட்ணம் பேச்சுக் கொடுத்தார்.

"நேத்து நீங்க அழுதது நடிப்பு மாதிரி இல்லையேண்ணே."

"மீசைய எடுத்தது நடிப்பு தம்பி. அழுதது எங்க ஆத்தாவுக்கு."

சாயம் பாதி கழுவிய முகத்தோடு கல்லில் உட்கார்ந்து பழனியாண்டி சொன்னதுதான் கதை.

1946 தை மாதம், ஆத்தா பேச்சியம்மாவுக்கு வாதத்தில் ஒரு பக்கம் விழுந்துவிட்டது, இன்றைக்கோ நாளைக்கோ என்று இந்தியாவில் ஊரிலிருந்து கடிதம் வந்தது. பழனியாண்டி ஒற்றைப் பிள்ளை. மனைவியையும் பிள்ளைகளையும் தோட்டத்தில் விட்டுவிட்டுக் கப்பலேறினார். ஆத்தா சாகவில்லை. மாதம் பிறக்கும்போதெல்லாம் அவர் மூட்டையைக் கட்டுவார்; ஆத்தா நன்றாக இருந்த அந்த ஒரு கையால் மகனுடைய கையைப் பிடித்துக்கொள்வாள்; அவர் மூட்டையை அவிழ்ப்பார். ஒரு மாசி போனது. இரண்டாவது மாசியில் ஆத்தா போனாள். மாரடித்து அழ மகள் இல்லை, மருமகள் கடலுக்கு இந்தப் பக்கம். கூடியிருந்தவர்கள் சும்மா நின்றார்கள். பழனியாண்டி கட்டிலின் தலைமாட்டில் நின்று தனக்குத் தெரிந்த ஒரே அழுகையை அழுதார். காமனை இழந்த ரதியின் ஒப்பாரி. அடிக்கு அடி, ராகத்துக்கு ராகம்.

"ஊர்க்காரப் பயலுவ சிரிச்சானுங்க தம்பி. கண்டிச்சீமைக்காரன் ஆத்தா செத்ததுக்குப் புருசன் செத்த பாட்டுப் பாடுறான் பாருடான்னு. எனக்கு வேற பாட்டு தெரியாது. என்னா பண்ண?"

சூசைரட்ணத்துக்கு அந்த இரண்டாவது மாசி நினைவுக்கு வந்தது. ரதி இல்லாமல் தோட்டத்தில் கூத்து நடந்த இரண்டாவது வருடம். வேடம் கட்ட வேறு யாரும் துணியவில்லை. காமனைக் கொளுத்தினார்கள், தப்பு மேளம் ஓய்ந்தது, அழ ஆள் இல்லாமல் எல்லாரும் கலைந்து போனார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் ரதி அழுதிருக்கிறாள்; இந்தப் பக்கம் காமன் அழ ஆளில்லாமல் எரிந்திருக்கிறான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும், வேறொன்றும் சேர்க்க வேண்டாம் என்று தோன்றியது.

எழுதி முடிக்க மூன்று மாதம் ஆனது. ஞாயிற்றுக்கிழமைப் பகல்களில், பழைய விலைப்பட்டியல் தாள்களின் பின்பக்கத்தில் எழுதினார். ஆட்களின் பெயரை மட்டும் மாற்றினார். தலைப்பு "இரண்டு மாசி".

ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, கிளாக்கர் செல்லசாமி அவரை ஆபிசுக்குக் கூப்பிட்டு அனுப்பினார். தோட்டத்துக்கு வருகிற தபால் எல்லாம் அவர் கை வழியாகத்தான் வரும்.

"சூசை, கொழும்புப் பேப்பர்ல இருந்து கடுதாசி. இந்தத் தடவை உறை மெலிசா இருக்கு. கதையைத் திருப்பி அனுப்பல போல."

நின்ற இடத்திலேயே பிரித்தார். கதை மிக நன்று, வருகிற மாதம் இரண்டாவது ஞாயிறு வெளியாகும், பெயரும் தோட்டமும் போடப்படும். நான்கே வரி. நான்கு முறை படித்தார்.

"என்னப்பா, கண்ணுல தண்ணி வருது? வரட்டும், வரட்டும். நான்தான் வாரா வாரம் அந்தப் பேப்பரை எடுக்கிறேனே. முதல்ல வாசிக்கப் போறவன் நான்தான்" என்றார் செல்லசாமி. பிறகு தபால் கட்டிலிருந்து நீளமான இன்னோர் உறையை எடுத்தார். "இது உன் பக்கத்து வீட்டுக்கு. பிரஜா உரிமை விசாரணை. அடுத்த மாசம் இருபத்தி மூணாந் தேதி, நுவரெலியாவுல. விண்ணப்பப் பாரத்தை நிரப்பினவன் நீதானே? நீயும் போகணும். தோட்டத்துச் சாட்சின்னு நானும் வரணும்."

"ஐயா என்ன சொல்லுவீங்க?"

"நான் இந்தத் தோட்டத்துக்கு வந்தது நாப்பத்தொம்பதுல. அதுக்கு முந்தின செக்ரோல் பேரேடு எல்லாம் கூரை ஒழுகி மக்கிப்போச்சு. தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லுவேன். ஆனா ஒண்ணு, தெரிஞ்சதைத் தெரியாதுன்னு சொல்ல மாட்டேன். அது என்னால முடியாது."

சூசைரட்ணம் இரண்டு உறைகளையும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இறங்கினார். பாதி வழியில்தான் அவருக்கு உறைத்தது. தேயிலைக்கு நடுவே அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

1951இல் அந்தப் பாரங்களை எழுதியவர் அவர். லயத்தில் எழுதத் தெரிந்தவர்கள் இரண்டோ மூன்றோ பேர்தான். ஞாயிறு முழுக்க அவர் வீட்டு வாசலில் வரிசை நிற்கும். பிரஜா உரிமை கேட்கிறவன் இந்த நாட்டிலேயே தொடர்ச்சியாக இருந்தவன் என்று காட்ட வேண்டும். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே போய் இருந்தவனுடைய விண்ணப்பம் நிற்காது. பழனியாண்டியிடம், ஊருக்குப் போய் எவ்வளவு நாள் இருந்தீர்கள் என்று கேட்டபோது, அவர் விரல் விட்டு, "ரெண்டு மாசி" என்றார். தையில் போய் மறு வருடம் பங்குனியில் திரும்பியவர். பதினான்கு மாதம். சூசைரட்ணம் ஒரு நிமிடம் பேனாவைத் தூக்கிப் பிடித்திருந்தார். பிறகு தானாகவே "எட்டு மாதம்" என்று எழுதினார். "எட்டுன்னு போட்டிருக்கேண்ணே" என்றார். பழனியாண்டி தலையாட்டிக் கைநாட்டு வைத்தார். "எத்தனையையோ போடுங்க. பிள்ளைகளுக்கு ஒரு நாடு கெடைச்சாச் சரி" என்றாள் ராக்காயி.

இப்போது அதே கை, அதே மனிதனைப் பற்றி இரண்டு விதமாக எழுதி வைத்திருக்கிறது. ஒன்று அரசாங்கத்தின் கோப்பில். மற்றது, வருகிற மாதம் இரண்டாவது ஞாயிறு, கிளாக்கர் செல்லசாமியின் மடியில். விசாரணைக்குச் சரியாக ஒன்பது நாள் முந்தி. பெயரை மாற்றி என்ன? மூங்கில்மலையில் ரதி ஒருவர்தான்.

அன்று மாலை பக்கத்து வீட்டுக்குப் போய் அறிவித்தலைச் சொன்னார். கதையையும் எடுத்துப் போயிருந்தார். உள்ளதைச் சொல்லி, கேட்டுவிட்டு முடிவு செய்யலாம் என்று நினைத்தார். அடுப்படியில் பழனியாண்டியும் ராக்காயியும் உட்கார்ந்திருக்க, முதலிலிருந்து கடைசி வரை வாசித்தார். எழுத்து தெரியாத பழனியாண்டி தன் கதையைத் தானே கேட்டார். மூட்டையைக் கட்டி அவிழ்க்கிற இடத்தில் சிரித்தார். ஆத்தா கையைப் பிடிக்கிற இடம் வந்தபோது, தன்னுடைய வலக்கையை எடுத்து இடக்கையால் மூடிக்கொண்டார்.

"இதுல யாரும் சிரிக்கலையே தம்பி" என்றார் கடைசியில்.

"சிரிச்சாங்கன்னு எழுதியிருக்கேனேண்ணே."

"அவனுங்க சிரிச்சானுங்க. நீங்க சிரிக்கல."

ராக்காயிதான் அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"இது எப்ப பேப்பர்ல வருது?"

சொன்னார்.

"கிளாக்கரய்யா வாசிப்பாரா?"

"வாசிப்பாரு."

"அவருக்கு எண்ணத் தெரியுமில்ல? ஒரு மாசிக்கும் இன்னொரு மாசிக்கும் நடுவுல எத்தனை மாசமுன்னு?" விறகை இழுத்து வெளியே போட்டாள். "பாரத்துல எட்டுன்னு எழுதினதும் நீங்கதான். பேப்பர்ல ரெண்டு மாசின்னு எழுதினதும் நீங்கதான். எந்தக் கையால சோறு தின்னுறீங்க?"

"ஏய், படிச்ச மனுசன்கிட்ட என்னா பேச்சு இது?" என்றார் பழனியாண்டி.

"நீங்க சும்மா இருங்க. ஆம்பளைக்கு ஒரு நாடு, ரதிக்கு ஒரு நாடா குடுக்கப் போறாங்க?"

மறுநாளும் அதற்கு மறுநாளும் சூசைரட்ணம் கதையைத் திருத்திப் பார்த்தார். இரண்டு மாசியை ஒரு மாசி ஆக்கினால் பன்னிரண்டு மாதம் தாண்டாது. ஆனால் ஒரே மாசி என்றால், ஆத்தா உடனே செத்துவிடுகிறாள். மூட்டையைக் கட்டி அவிழ்க்க வேண்டியதில்லை. மகன் சீக்கிரம் கடமையை முடித்துக்கொண்டு திரும்புகிறான். கதையின் எலும்பு போய்விட்டது. தோட்டத்தை மாற்றிப் பார்த்தார், கூத்தை மாற்றிப் பார்த்தார். ஜமீன்தார் கதை எழுதின பழைய சூசைரட்ணம் எட்டிப் பார்த்தான். பொய் ஒரு வரிகூட இருக்கக் கூடாது என்று துண்டில் எழுதியது படத்துக்குப் பின்னால்தான் இருந்தது.

"பொய்யும் எழுத மாட்டீங்க, மெய்யும் போடக் கூடாது. அப்ப என்னா செய்யப் போறீங்க?" என்று கேட்டாள் றோசலின்.

"போட வேணாம்னு தந்தி அடிக்கப் போறேன்."

மூன்று வருடத் துண்டுகள் எரிந்ததைப் பார்த்தவள் அவள். அவருடைய வெள்ளைச் சட்டையை எடுத்து, கரி அடைத்த பெட்டியால் தேய்த்து வைத்தாள், கலியாண வீட்டுக்குப் போகிறவருக்குச் செய்வது போல.

கொட்டகலைத் தபால் கந்தோரில் தந்திப் பாரத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினார்.

பத்து நாளில் பதில் வந்தது. இந்த முறை உறை தடிமனாக இருந்தது. எழுத்துக் கோத்து முடித்த பிறகு தந்தி அடித்திருக்கிறீர்கள், இப்படிச் செய்கிறவர்களின் கதையை இனிமேல் எடுப்பது கடினம் என்று ஆசிரியர் எழுதியிருந்தார். கோபம்தான். ஆனாலும் கைப்பிரதியோடு, பிழை பார்ப்பதற்காக அடித்த அச்சுப் படியையும் மடித்து வைத்திருந்தார். வேட்டிக் கரை போல நீளமான தாள். "இரண்டு மாசி" என்று தடித்த எழுத்தில். அதன் கீழே "சூசைரட்ணம், மூங்கில்மலை." உலகத்திலேயே ஒரே ஒரு படி. மை இன்னும் விரலில் ஒட்டியது.

அதைப் பார்க்க பழனியாண்டி வந்தார். எழுத்துகளின்மேல் விரலை ஓட்டிவிட்டு, "வாசிங்க தம்பி" என்றார். மறுநாளும் வந்தார். வேலை முடிந்து, பெண்கள் கொழுந்து நிறுத்து வருகிற நேரத்தில் தினமும் வந்து வாசலில் உட்காருவார். "ஆத்தா கையப் பிடிக்கிற எடத்துல இருந்து" என்பார். சூசைரட்ணமும் வாசித்தார். அவருக்கு இருந்தது ஒரே ஒரு வாசகர். அந்த ஒருவர் கேட்டால் எப்படி இல்லையென்பது? தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று அப்போது அவருக்குத் தெரியவில்லை.

பக்கத்து வீட்டில் ராக்காயி வேறொரு பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "எத்தனை மாசம்?" என்பாள். "எட்டு மாசம்" என்றால்தான் சோறு விழும். ஒரு நாள் பழனியாண்டி பசியில், "எட்டு மாசம், இன்னுங் கொஞ்சம் ரசம்" என்றார். லயம் முழுக்க ஒரு வாரம் அதையே சொல்லிச் சிரித்தது.

இருபத்தி மூன்றாம் தேதி நான்கு பேரும் நுவரெலியாவுக்குப் போனார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. பழைய கட்டடத்தின் முன்னறையில் விசாரணை. மேசைக்குப் பின்னால் விசாரணை அதிகாரி. பக்கத்தில் அவருடைய கேள்வியைத் தமிழில் சொல்லத் தமிழர் ஒருவர். அதிகாரி கடுமையான ஆள் இல்லை. நனைந்து வந்தவர்களைப் பார்த்து, உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். செல்லசாமி முதலில் சாட்சி சொன்னார்: நாற்பத்தொன்பதுக்குப் பிறகு ஆள் ஒழுங்காக வேலையில் இருக்கிறார், அதற்கு முன்பு தமக்குத் தெரியாது. அதிகாரி தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். எல்லாம் நல்லபடி போய்க்கொண்டிருந்தது.

"ஒரு தடவை இந்தியாவுக்குப் போய் எட்டு மாசம் இருந்ததா இதுல எழுதியிருக்கு. சரிதானா?" என்று தமிழர் கேட்டார்.

பழனியாண்டி எழுந்து நின்றார். "எட்டு மாசம்" என்றார். கதவோரம் நின்ற ராக்காயி மூச்சு விட்டாள்.

"என்னத்துக்குப் போனீங்க?"

"எங்க ஆத்தாவுக்கு முடியலைன்னு கடுதாசி வந்துச்சு."

"பிறகு சொகமாச்சா?"

"இல்லீங்க. செத்துப்போச்சு."

"நீங்க திரும்பி வந்த பிறகா?"

சாதாரணமாகக் கேட்ட கேள்வி. 'ஆமாம்' என்று ஒரு சொல் போதும். பழனியாண்டி தன் வலக்கையைப் பார்த்தார். அதை இடக்கையால் மூடிக்கொண்டார்.

"நாந்தாங்க பக்கத்துல இருந்தேன். நாந்தான் கொள்ளி வச்சேன்."

"அப்ப எட்டாவது மாசத்துல செத்தாங்க."

"எட்டாவது மாசத்துல எங்க ஆத்தா உசிரோட இருந்துச்சுங்க. கஞ்சி குடிச்சுச்சு."

கதவோரம் ராக்காயி இருமினாள். பழனியாண்டி திரும்பிப் பார்க்கவில்லை.

தமிழர் அதிகாரியிடம் அதை உடனே சொல்லாமல், குரலைத் தாழ்த்தி, "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, பெரியவரே" என்றார்.

"யோசிச்சுத்தாங்க சொல்றேன். செத்தது ரெண்டாவது மாசியில. நான் அழுதேன். ஊரு சிரிச்சுச்சு. நான் அங்க இல்லைன்னு எப்படிங்க சொல்றது?"

தமிழர் அதை அதிகாரியிடம் சொன்னார்; அதிகாரி எழுதிக்கொண்டார். பாரத்தை எழுதியது யார் என்று அதிகாரி கேட்டார். சூசைரட்ணம் எழுந்து, "நான்தான். எட்டுன்னு எழுதினது என்னோட தப்பு. அவரு ரெண்டு மாசின்னுதான் சொன்னாரு" என்றார். செல்லசாமி தலையைக் குனிந்துகொண்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் ராக்காயி முன் ஆசனத்தில் தனியாக உட்கார்ந்தாள். பழனியாண்டி சூசைரட்ணத்தின் பக்கத்தில்.

"கோவமா தம்பி?"

"எனக்கென்னண்ணே கோவம்?"

"இத்தனை நாளும் அதை ஒரு வெக்கக்கேடாத்தான் வச்சிருந்தேன். ஆத்தா சாவுக்கு ரதிப் பாட்டுப் பாடின கூமுட்டைன்னு. எட்டு மாசமுன்னு சொல்லச் சொன்னா அப்பவே சொல்லிட்டுப் போயிருப்பேன். நீங்க வாசிக்கக் கேட்டப்புறந்தான் முடியாமப் போச்சு."

சூசைரட்ணம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்ணாடியில் மழை வழிந்தது. கிளாக்கர் படித்துவிடக் கூடாது என்று தந்தி அடித்தார். படிக்கத் தெரியாத மனிதரை மறந்துபோனார்.

கார்த்திகையில் பதில் வந்தது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. ஆபிசில் வைத்து செல்லசாமி அதைத் தமிழில் சொன்னார். சொல்லி முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பழனியாண்டி காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு கவ்வாத்துக்குப் போனார். அன்றிலிருந்து ராக்காயி சூசைரட்ணத்தின் வாசலைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். தீபாவளிப் பலகாரத்துக்குப் பதிலாக டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கு றோசலினின் தட்டில் பலகாரம் போனபோது, அதை வாங்க அவள் வெளியே வரவில்லை.

1956 சனவரி முதல் தேதி. பூசை முடிந்து வந்து, முக்காலியில் ஏறி, துண்டை எடுத்தார். ஒரே கதை: எழுதியாயிற்று. பார்த்த ஆள்: ஆம். பொய் ஒரு வரிகூட இருக்கக் கூடாது: இல்லை. அச்சில்: அந்த ஒற்றைப் படியை அச்சு என்று சொல்லலாமென்றால், அதுவும் ஆயிற்று. வைத்த பொருத்தனை முழுவதும் நிறைவேறிய முதல் வருடம். துண்டை மெழுகுவர்த்திக்குக் கொண்டுபோனவர் கொளுத்த முடியாமல் நின்றார்.

"இந்த வருசம் என்னா எழுதப் போறீங்க?" என்றாள் றோசலின்.

"ஒண்ணும் எழுதப் போறதில்ல. அதைத்தான் எழுதி வைக்கப் போறேன்."

வாசலில் நிழல் விழுந்தது. ராக்காயி. கையில் நத்தார்த் தட்டு. தட்டை றோசலினிடம் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"உங்க மூஞ்சியில முழிக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன்" என்றாள் சூசைரட்ணத்திடம். "பிள்ளைகளுக்கு நாடில்லாமப் பண்ணிப்புட்டீங்க. அது என் வயித்துல எரியுது, அணையாது. ஆனா வேற ஒண்ணு இருக்கு. அதைக் கேட்காம எனக்குத் தூக்கம் வரல."

"சொல்லுங்கக்கா."

"அந்தக் கதையில ஒரு வரி வாசிச்சீங்களே. ரெண்டாவது மாசியில காமன் அழ ஆளில்லாம எரிஞ்சான்னு."

"ஆமா. நான் பார்த்தேன். ரதி இல்ல. எல்லாரும் கலைஞ்சு போனாங்க."

"நீங்க கம்பத்துக்கிட்ட நின்னு பார்த்தீங்க. எங்க வீட்டுக் காம்பராவுக்குள்ள பார்த்தீங்களா?" சுவருக்கு அந்தப் பக்கத்தைக் கையால் காட்டினாள். "பதினாலு மாசம். ஒரு கடுதாசி இல்ல. மனுசன் இருக்காரோ, செத்தாரோ. ஆளில்லாத காம்பராவைப் புடுங்கிக்குவோம்னு கங்காணி வந்து வந்து நின்னான். இந்தா வந்துட்டாரு, கப்பலுக்கு மண்டபத்துல நிக்கிறாருன்னு மாசா மாசம் பொய் சொல்லி ஒத்தையில கொழுந்து பறிச்சு, மூணு பிள்ளைகளையும் காப்பாத்தினேன். அன்னைக்குத் தப்பு ஓஞ்சப்ப, அவ்வளவுதான், நம்ம காமன் வரமாட்டான்னு நெனைச்சேன். கதவைச் சாத்திக்கிட்டு அழுதேன். அவரு வருசா வருசம் பாடுற அதே பாட்டு. எனக்கும் வேற பாட்டு தெரியாது."

சூசைரட்ணம் துண்டை மெழுகுவர்த்தியிலிருந்து விலக்கிக்கொண்டார்.

"அழ ஆளில்லைன்னு எழுதியிருக்கீங்க. அது பொய்" என்றாள் ராக்காயி.

அவள் போகவில்லை. நிலைப்படியில் உட்கார்ந்தாள், கணவர் வந்து உட்காருகிற அதே இடத்தில். றோசலின் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். சூசைரட்ணம் மறுபடி முக்காலியில் ஏறி, படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்த அந்த நீள அச்சுத் தாளையும் எடுத்து, இறங்கி மடியில் விரித்தார். அழ ஆளில்லாமல் காமன் எரிந்த வரியைத் தேடிப் பிடித்து, பேனாவால் ஒரு கோடு இழுத்தார். பெட்டிக்கு மார்க்கு போடுகிற கை. கோடு நேராக விழுந்தது. பிறகு பழைய துண்டை எரிக்காமல் திருப்பிப் போட்டு, அதன் வெறும் பக்கத்தில் வருடத்தை எழுதினார். அதன் கீழே "ராக்காயியின் பதினான்கு மாதம்" என்று மட்டும் எழுதினார். எத்தனை கதை என்றோ, அச்சில் என்றோ ஒன்றும் எழுதவில்லை.

"கங்காணி வந்து நின்னான்னீங்களே" என்றார். "மொதத் தடவை எப்ப வந்தான்?"

"சித்திரையில" என்றாள் ராக்காயி. "சரியா எழுதுங்க. சித்திரை பத்துக்குள்ள. மழை விட்டிருந்துச்சு."